தன்னால் இயலும் என்னும் எண்ணமும் செயலும்

நெல் விதையை உப்புக் கரைசலில் இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, அடியில் தங்கும் கனத்த விதையை நன்னீரில் கழுவி விதைக்கும் முறை எளிதானது, செலவும் சிறிது. எனினும், அதனைக் கற்றுக்கொண்ட உழவர்களுள் சிலர் கையாள்கின்றனர். சிலர் கேட்டதோடு நின்றுவிடுகின்றனர். பின்னவரைச் சோம்பர் என்று ஒதுக்குவது முறையன்று. செயல் பிறவாமைக்கு இருவேறு எண்ணங்கள் காரணமாகலாம் என்று உளவியல் கூறுகிறது.

முதலாவது, “விளைவு நம் கையில் இல்லை” என்பது. அமெரிக்க அறிஞர் ஜூலியன் ராட்டர் 1966-ஆம் ஆண்டில் இதைப்பற்றி விரிவான ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். பலன் தம் முயற்சியால் வருவது என்று கருதுவோர் ஒரு முனையிலும், விதியாலோ தற்செயலாலோ பிறர் அதிகாரத்தாலோ வருவது என்று கருதுவோர் மறு முனையிலும் இருப்பர். பெரும்பாலோர் இடைப்பட்டவரே ஆவர்.

இரண்டாவது, “முறை நல்லதே, ஆனால் என்னால் இயலாது” என்பது. ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இதனை வேறுபடுத்திக் காட்டினார். தன் திறனில் நம்பிக்கை நான்கு வழிகளில் பிறக்கிறது என்பது அவர் கொள்கை. அவையாவன:

1. தானே செய்து பெற்ற வெற்றி.
2. தன்னை ஒத்தவர் வெற்றி பெறுவதைக் காணுதல்.
3. பிறர் கூறும் ஊக்கமொழி.
4. படபடப்பு, களைப்பு முதலிய உடல்நிலைகளைத் தன் திறனுக்கு அறிகுறியாகக் கொள்ளுதல்.

இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. வெறும் ஊக்கமொழியால் எழுந்த நம்பிக்கை முதல் தோல்வியிலேயே கலைந்துவிடக்கூடும்.

பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்களுக்குப் பயன்படும். கழித்தல் கணக்கில் பின்தங்கிய சிறுவர் சிலருக்கு, ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கங்களை முடிக்கும் இலக்கு தரப்பட்டது. வேறு சிலருக்கு ஏழு அமர்வுகளின் முடிவில் 42 பக்கங்களை முடிக்கும் இலக்கு தரப்பட்டது. மொத்த வேலை ஒன்றே. ஆயினும், அண்மை இலக்கைப் பெற்றவரே திறனிலும், தன்னம்பிக்கையிலும், கணக்கின்மேல் கொண்ட ஆர்வத்திலும் மேம்பட்டனர். ஒவ்வொரு நாளும் ‘முடித்தேன்’ என்று அறிந்ததே இதற்குக் காரணம் எனலாம்.

களப் பணிக்கும் இது பொருந்தும். பெரும்பண்ணையில் காட்டப்படும் விளைச்சலைக் கண்ட சிறு உழவர், “அவருக்கு வசதி உண்டு” என்று எண்ணிச் சென்றுவிடலாம். அதே விளைச்சல் அண்டை வயலில், தம்மைப் போன்ற ஒருவர் கையால் விளைந்தால் அவ்வாறு எண்ண இடமில்லை. ஒரு மூலையில் சில சென்ட் நிலத்தில் அவரே செய்து பார்த்தால் ஐயம் மேலும் குறையும்.

இங்கு எச்சரிக்கை ஒன்று தேவை. வாய்க்காலின் கடைமடைக்கு நீர் வராதபோது, “என் கையில் ஒன்றுமில்லை” என்று உழவர் கூறுவது மனக்குறையன்று, உண்மை நிலையே. உணவின்றிப் பள்ளிக்கு வரும் சிறுவனின் சோர்வும் அத்தகையதே. அங்கே மாற்ற வேண்டியது எண்ணத்தை அன்று, நிலைமையை.

ஆதலால், ஒருவர் செயலில் இறங்காதபோது மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்டறிதல் நன்று: தேவையான வசதி அவருக்கு உண்மையில் உள்ளதா? செய்தால் பயன் கிட்டும் என்று நம்புகிறாரா? தம்மால் செய்ய இயலும் என்று நம்புகிறாரா? முதல் வினாவுக்கு ‘இல்லை’ என்பது விடையானால், மற்ற இரண்டையும் கேட்குமுன் அவ்வசதிக்கு வழி தேடுவதே பணியாளரின் கடமையாகும்.