பேதைமையும் நகையும்

வினாவுதலும் விடையிறுத்தலும் கல்வி வளர்தற்குரிய நெறிகளாம். ஆயின், விடையறியாமையே விளையாட்டாகி மக்களை நகைப்பித்ததும் உண்டு. அமெரிக்க நாட்டில், தொலைக்காட்சி பரவுமுன் வானொலி கோலோச்சிய நாளில் நிகழ்ந்த அவ்விந்தையை ஈண்டு ஆராய்வாம்.

1938ஆம் ஆண்டில் ‘இன்பர்மேஷன் பிளீஸ்’ என்னும் வானொலி நிகழ்ச்சி தோன்றிற்று. நேயர் அனுப்பும் வினாக்களைக் கிளிப்டன் பாடிமன் விடுப்பார். அறிஞர் குழு விடையிறுக்கும். அறிஞர் தோற்பின் கல்லாப்பெட்டியின் மணியோசை எழும். வினா அனுப்பியவர்க்குப் பரிசில் கிட்டும். பின்னாளில் பிரித்தானியக் கலைக்களஞ்சியமும் பரிசிலாயிற்று. கற்றார் திகைத்தலைக் கேட்டு மற்றார் மகிழ்ந்தனர். 1940இல், சிறுவரே விடைகூறும் ‘குவிஸ் கிட்ஸ்’ தொடங்கிற்று.

இவ்வகை நிகழ்ச்சிகளை எள்ளி 1942இல் எழுந்தது, ‘இட் பேஸ் டு பி இக்னரன்ட்’ என்பது. ‘அறியாமையே ஆதாயம்’ என அப்பெயரைத் தமிழாக்கலாம். வினவுவார் டாம் ஹோவர்டு. விடைகூற அமர்ந்தோர் ஹாரி மெக்நாட்டன், லூலு மெக்கானல், ஜார்ஜ் ஷெல்டன் என்னும் மூவர். வெள்ளைக் குதிரையின் நிறம் யாது என்பது போல, விடையைத் தம்முள்ளேயே கொண்டவை அவ்வினாக்கள். எனினும், ஓர் ஊர்ப்பெயர் செவியிற் படின், தாம் அங்கு வேலை பார்த்ததாக ஷெல்டன் தொடங்குவார். மெக்நாட்டன் செய்யுள் சொல்லப் புகுவார். லூலு அம்மையார் கரகரத்த குரலில் இடைமறிப்பார். விடை மட்டும் வாராது!

நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலையும் பேதைமையையும் வைத்தார் தொல்காப்பியர். அவ்விரண்டும் ஈண்டு உள. ஆயின் இப்பேதைமை மெய்யன்று; மேடையிற் பல்லாண்டு பயின்றோர் புனைந்து காட்டியது. பேதையராய் நடித்தற்கும் நுண்ணறிவு வேண்டும் அன்றோ? எள்ளலும் பேதையர்மேற் சென்றிலது. துணுக்குச் செய்திகளின் தொகுதியையே அறிவெனக் கொண்டாடிய வழக்கின்மேற் சென்றது.

1947இல் தொடங்கிய ‘யூ பெட் யுவர் லைப்’ என்னும் நிகழ்ச்சியில் மற்றொரு நயம் காண்கிறோம். அதனை நடத்திய குரோச்சோ மார்க்ஸ், போட்டியாளரைக் கேலி செய்வதில் வல்லவர். எனினும், தோற்றவர் வெறுங்கையராய்ச் செல்லாவண்ணம், கிராண்ட் கல்லறையில் அடக்கப்பட்டவர் யார் என்பது போன்ற எளிய வினாவொன்றை இறுதியில் விடுத்துப் பரிசில் அளிப்பார். அங்கே, தோற்றவர்பால் இரக்கங்காட்டவும் நகை கருவியாயிற்று.

தேர்வுக்கென வினாவிடைகளை மனப்பாடஞ்செய்யும் மாணவராகிய நாம் இவற்றால் அறியத்தக்கது யாது? விடை பல அறிந்திருத்தல் வேறு, அறிவுடைமை வேறு. தான் அறிந்ததை அறியாதானை இகழ்பவன், எத்துணை விடை கூறினும் கல்வியின் பயனை எய்தினான் ஆகான். அவனினும், தன் அறியாமை கண்டு தானே நகைக்க வல்லானே கற்றற்குரியன் என்க.