ஹீற்றர் ஏன் சுடவில்லை? மட்டக்களப்பு வான் தந்த பாடம்



ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் புல்லில் உறைபனி படிவதை நாம் அறிவோம். அந்தக் குளிரில் வாகனத்து ஹீற்றரைச் சொகுசுச் சாமான் என்று சொல்ல முடியாது. முன் கண்ணாடியின் உள்பக்கம் படியும் ஆவியை ஒரு கையால் துடைத்து, மறு கையால் ஸ்டியரிங் பிடிப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். பிள்ளைத்தாய்ச்சியை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் பாதை தெரியாவிட்டால் கதி என்ன?

1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மட்டக்களப்புப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தங்கள் நம்மில் சிலருக்கு உண்டு. அப்படி ஏறாவூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் மாமா ஒருவர், மார்கழியில் ஒரு பழைய ஜப்பான் வானில் குடும்பத்தோடு வந்தார். செங்கலடியில் தொடங்கி மகாஓயா, பிபிலை, பசறை, பதுளை, வெலிமடை என்று ஏறுகிற ஏ5 வீதி. ஹக்கலைக்கு வரும்போது இருட்டிவிட்டது, கண்ணாடி மூடிவிட்டது. ஹீற்றரைத் திருகினால் ஐஸ் மாதிரிக் காற்று. பின்னால் கைக்குழந்தை வேறு.

"ஊர்ல ஒரு கரச்சலும் இல்லியே மனே" என்றார் மாமா. ஊரில் ஹீற்றரை யார் போட்டுப் பார்த்தார்கள்? வாவிக்கரை வெக்கையில் அதற்கு என்ன வேலை!

ஹீற்றர் தனியாக எதையும் எரிப்பதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் சுடுதண்ணீரில் கொஞ்சம், இரண்டு ரப்பர் குழாய் வழியே டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் சின்ன ரேடியேற்றருக்குப் போய்த் திரும்புகிறது. அதன்மேல் ஒரு ஃபேன் காற்றை ஊதுகிறது. ஆகவே காற்றே வரவில்லையா, வருகிற காற்று சுடவில்லையா என்று முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும். காற்றே வராவிட்டால் பியூஸ், ஃபேன் மோட்டர், வயர். அது கரண்ட் வேலை. மாமாவின் வானில் காற்று நன்றாக வந்தது.

அடுத்து தண்ணீர் மட்டம். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்கவேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். வாவிக்கரையில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் இங்கே சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேற்றர் மூடி அழுத்தம் கொடுத்து அதை அடக்கி வைத்திருக்கிறது. சூட்டோடு திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். தண்ணீர் குறைந்திருந்தால் மேலே இருக்கிற ஹீற்றருக்குத் தண்ணீருக்குப் பதில் காற்றுத்தான் போகும்.

மாமாவின் வானில் மட்டம் சரி. ஆனால் வெப்பமானி முள் வண்டி ஓடும்போது கீழேயே கிடந்தது, நிறுத்தி வைத்தால் மெல்ல ஏறியது. இதுதான் துப்பு. எஞ்சின் தண்ணீர் சூடாகும்வரை ரேடியேற்றர் வழியை அடைத்து வைக்கும் வால்வுக்குத் தேமோஸ்டாட் என்று பெயர். விசாரித்தால், கோடையில் எஞ்சின் சூடேறியபோது ஊர்க் கராஜில் அதைக் கழற்றி வீசிவிட்டார்களாம். நம் நாட்டுச் சமவெளிகளில் இப்படிச் செய்வது சர்வ சாதாரணம். வெக்கையில் குறை தெரியாது, மலையேறினால் பல்லிளிக்கும். எஞ்சின் சூடேறினால் காரணத்தைத் தேடவேண்டும், வால்வைத் தூக்கி எறிவது வைத்தியமாகாது.

புதிய தேமோஸ்டாட் போட்டோம். வாங்கியதும் ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துப் பாருங்கள். 82 என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய அந்தச் சூட்டில் வாயைத் திறக்கும், ஆறினால் மூடும்.

முள் நடுவுக்கு வந்தது. ஆனால் ஹீற்றர் அரைகுறைதான்! இரண்டு குழாயையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தோம் (ஃபேன், பெல்ட் பக்கம் கையையும் சேலைத் தலைப்பையும் கொண்டுபோகாதீர்கள்). ஒன்று சுட்டது, மற்றது வெதுவெதுப்பு. இரண்டும் சுட்டால் உள்ளே காற்றைத் திருப்பும் தகட்டையோ கேபிளையோ பார்க்கவேண்டும். இரண்டுமே ஆறிக் கிடந்தால் ஹீற்றர் வால்வு திறக்கவில்லை, அல்லது தண்ணீர் அங்கே போகவே இல்லை. சில கராஜ்களில் குழாய் ஒழுகினால் இரண்டையும் ஒன்றாக இணைத்து ஹீற்றரையே விலக்கிவிடுவதும் உண்டு. ஒன்று சூடு, ஒன்று ஆறல் என்றால் பெரும்பாலும் அடைப்பு.

அடைப்பு எங்கிருந்து வந்தது? வாவிக்கும் கடலுக்கும் இடையிலான மணல் திட்டுக்களில் பல கிணறுகள் உவர். மாமா வருடக்கணக்காக ரேடியேற்றருக்கு ஊற்றியது அப்படியொரு கிணற்றுத் தண்ணீர். உப்பு இரும்பை அரித்து, துருவும் காறையும் சின்னக் குழாய்களில் சேர்ந்துவிட்டது. எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு குழாயையும் கழற்றி, எதிர்ப்பக்கமாக மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விட்டோம். செங்கல் நிறத்தில் ஒரு வாளிக்கு மேல் வந்தது. பிறகு பெற்றித் தண்ணீரும் கூலன்ரும் கலந்து ஊற்றி, வண்டியின் மூக்கை மேட்டில் நிறுத்தி, மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, ஹீற்றரை முழுச்சூட்டில் வைத்துக் காற்றுக் குமிழை வெளியேற்றினோம். கழற்றிய பழைய கூலன்ரைக் கானில் ஊற்றாதீர்கள். இனிப்புச் சுவையுள்ள விஷம் அது. பிள்ளைகளும் நாய்களும் நக்கிவிடும்.

இவ்வளவு செய்தும் தண்ணீர் குறைந்துகொண்டே போய், ரேடியேற்றரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் காஸ்கட் போயிருக்கலாம். அதற்குமேல் ஓட்டாமல் பாஸிடம் காட்டுங்கள்.

ஹீற்றர் பழுது என்று வானுக்குள் கரிச்சட்டி வைப்பதும், மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர் காய்வதும் வேண்டவே வேண்டாம். அந்த நச்சுக்காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

மாமா குடும்பம் மூன்றாம் நாள் அதிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டது. சின்ன மாமி குழந்தையின் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மாமா ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, மழைத்தண்ணீர் பிடிக்கப் பீலிக்குக் கீழே ஒரு பரல் வைத்திருக்கிறாராம்.