இராமானுசன் அட்டவணையில் விடுபட்ட எண்

என் தந்தையார் பெரம்பலூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் பயிரிடுபவர், பள்ளிக்கூடம் போனதில்லை. பங்குப் பயிர் ஆகையால் ஆண்டுதோறும் மூட்டை பிரிக்கும் வேலை உண்டு. பத்து மூட்டையை மூவருக்குப் பிரித்தால் தகராறு. பன்னிரண்டு என்றால் இருவர், மூவர், நால்வர், அறுவர் யாருக்கும் சண்டையில்லை என்பார். நாளை 60 நாழிகையாகப் பகுத்த நம் முன்னோரும் இதை அறிந்தவர்களே.

12-க்கு 6 வகுத்திகள். அதற்குச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. 60-க்கு 12; அதற்கும் அப்படியே. இத்தகைய எண்களை மிகுபகு எண்கள் எனலாம். கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்பை முடிக்காமல் வெளியேறிய இராமானுசன், 1915 இல் லண்டன் கணிதக் கழக இதழில் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். 1916 இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது.

அவருடைய அட்டவணையின் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு! அதைப் பகா எண்களாகப் பிரித்தால்,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்குகள் ஏறாமல் இறங்கிவருவதைக் கவனியுங்கள். 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிடப் பெரிதானால், இரண்டையும் இடம் மாற்றி அதே வகுத்திகளுள்ள சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 ஆகிய இரண்டு எண்களைத் தவிர எப்போதும் 1 தான் என்றும் இராமானுசன் நிறுவினார். ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை வரும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

ஒரு நாள் அரியலூர்ப் பேருந்தில் வரும்போது விளையாட்டாக 23-ஐ நீக்கிப் பார்த்தேன். 2,93,31,86,25,600 வந்தது, வகுத்திகள் பாதியாகி 5,040. அட்டவணையில் தேடினேன். 4,800 வகுத்திகளுள்ள 2,40,94,02,99,600 இருந்தது. அடுத்து 5,376 வகுத்திகளுள்ள 3,21,25,37,32,800. நடுவில் இருக்க வேண்டிய என் எண்ணைக் காணோம்!

என் கணக்குத்தான் தவறு என்று குறுக்கே கோடு போட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு அச்சிட்ட புத்தகம் தவறும் என்ற எண்ணமே தோன்றாது. மூன்று இரவுகள் மீண்டும் மீண்டும் பெருக்கினேன். விடை மாறவில்லை. தயங்கித் தயங்கிப் பேராசிரியரிடம் நோட்டை நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு, அட்டவணையில் இராமானுசன் தவறவிட்ட எண் அது என்றும், கணித உலகம் நெடுநாளாக அறிந்த செய்தி என்றும் சொன்னார். நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் அன்று மதியம் சோறு இறங்கவில்லை. "கோட்டை எதற்குப் போட்டாய்?" என்று மட்டும் கேட்டார்.

கோட்டுக்கு மேலேயே எண்ணைத் திரும்ப எழுதினேன். வீட்டில் தந்தையாரிடம், இதை 5,040 விதமாகச் சமபங்கு போடலாம் என்று காட்டினேன். இலக்கங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அத்தனை மூட்டைய எங்க புள்ள அடுக்குறது?" என்றார்.