மெர்போக் ஆற்றங்கரைக்குப் போகுமுன்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு மகளே,

உன் அண்ணன் ஹைடல்பெர்க்கிலிருந்து அனுப்பிய படங்களை நானும் பார்த்தேன். நெக்கார் ஆறு, 1788இல் கட்டி முடித்த கல் பாலம், பிரெஞ்சுப் படை தகர்த்துவிட்டுப் போன செங்கல் நிற அரண்மனை எல்லாம் அழகுதான். "இந்த மாதிரி ஆற்றங்கரைப் பழைய ஊர் நம்ம பக்கம் இல்லையா சித்தப்பா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. ஹைடல்பெர்க் என்ற பெயர் ஏட்டில் முதன்முதலாக வருவது 1196இல். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 7ஆம் நூற்றாண்டில், சீனத் துறவி யிஜிங் வந்து தங்கிப்போன துறைமுகம் நமக்கு வடக்கே இருக்கிறது. அதுதான் கடாரம். இன்றைய கெடாவில் மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கு. பள்ளி விடுமுறையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வா.

பினாங்குப் பாலம் கடந்து நெடுஞ்சாலையில் ஏறினால் சுங்கை பட்டாணி, அப்புறம் பீடோங், செமெலிங், மெர்போக். கார் இல்லையென்றால் ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய் கொம்யூட்டர் ரயிலில் சுங்கை பட்டாணி வரை போகலாம். அங்கிருந்து வாடகைக் கார்தான்.

எல்லாரும் நேரே பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்துக்குப் போய்க் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. முதலில் தஞ்சோங் டாவாய் போ. மெர்போக் ஆறு கடலில் சேருமிடத்தில் உள்ள மீனவர் ஊர் அது; நெத்திலியும் கருவாடும் காயும் வாசனையே வழி சொல்லிவிடும். அங்கிருந்து அக்கரையில் உள்ள பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகு போகும். அதில் ஏறி, நடு ஆற்றில் வடக்கே திரும்பிப் பார். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தாழ்ந்த கரைக்கு மேலே தனியாக எழுந்து நிற்கும். வங்கக் கடலைக் குறுக்கே கடந்து வந்த மாலுமிகளுக்குக் கரை தெரிவதற்கு முன்பே தெரிந்தது அந்த மலை. கடாரத்திலிருந்து மேற்கே கப்பலேறிய ஒரு துறவி முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்ததை யிஜிங் எழுதி வைத்திருக்கிறார். மலை அடையாளம், ஆறு ஒதுங்குமிடம், காற்று திசை மாறும்வரை தங்க ஒரு கரை. ஊர் ஏன் இங்கே உண்டானது என்பதை அந்தப் படகிலிருந்தே நீ புரிந்துகொள்ளலாம்.

பிறகு அருங்காட்சியகத்துக்கு வா. அதன் பின்னால் ஓடையை ஒட்டிப் படியேறினால் புக்கிட் பத்து பாஹாட் கோயில். 1930களில் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் தோண்டிப் பார்த்த இடம். 1960 வாக்கில் அலஸ்டேர் லாம்ப் என்ற ஆய்வாளர் கற்களை அடுக்கி மீண்டும் எழுப்பினார். கோபுரம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதே. இடுப்பளவு கருங்கல் மேடை, அதன்மேல் கருவறை இருந்த இடம், முன்னால் மண்டபத் தளம், அவ்வளவுதான். குனிந்து மண்டபத்துக் கற்களைப் பார். வரிசையாகத் தூண் நட்ட அடிக்கற்கள் தெரியும். மரத்தூண்களும் கூரையும் மழையில் மக்கிப் போய்விட்டன. கல் மட்டும் நிற்கிறது. அந்தக் கற்களின் இடைவெளியை வைத்து மண்டபம் எவ்வளவு அகலம், யார் எங்கே நின்றிருப்பார்கள் என்று நீயே மனத்தில் கட்டிப் பார்க்கலாம். கருவறைப் பகுதியில் அறைகள் குடைந்த கல் பேழைகள் கிடைத்தன. நம் கோயில்களில் அடித்தளத்தில் பொன்னும் மணியும் வைத்துக் கட்டும் வழக்கம் உண்டே, அதே வழக்கம்தான்.

கீழே கண்ணாடிப் பெட்டிகளில் பெங்காலான் பூஜாங்கில் எடுத்த பாசிமணிகள், சீனப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள். அவற்றுக்கு அதிக நேரம் கொடு. மலாயில் பெங்காலான் என்றாலே படகுத்துறை. இன்று அது உள்நாட்டுக் கிராமம். ஆறு வண்டல் போட்டுப் போட்டுத் துறையைத் தூர்த்துவிட்டது.

செமெலிங் பக்கம் சுங்கை பத்து இருக்கிறது. 2009 முதல் நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த இடம். இரும்பு உருக்கிய உலைகள், குவியல் குவியலாகக் கசடு, உலைக்குள் காற்று ஊதிய களிமண் குழாய்கள். அதன் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. பலகையில் போட்டிருக்கும் ஆண்டை மனப்பாடம் செய்யாதே. கருகிய ஒரு குழாயின் வாயைப் பார். தீ எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கடாரம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்ததும், 'கடாரம் கொண்டான்' என்ற பட்டமும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தப் படையெடுப்புக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், இதே கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தார். பட்டினப்பாலை சொல்லும் காழகம் கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். 5ஆம் நூற்றாண்டில் புத்தகுப்தன் என்ற மாலுமி பயணம் நலமாக முடிய வேண்டிச் செதுக்கிய கல் நம் செபராங் பிறையிலேயே, 1834இல் கிடைத்தது; இப்போது கொல்கத்தாவில் இருக்கிறது. ஆக, படை வந்து போனது ஓரிரு முறை, வணிகம் நடந்தது பல நூறு ஆண்டுகள். கல் சுமந்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் இந்த மண்ணின் மக்கள். 'நாங்கள் வென்ற ஊர்' என்று மார்தட்டிக்கொண்டு போனால் இதில் எதுவும் உன் கண்ணில் படாது. 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வரும்வரை நம் தீவும் கெடாவைச் சேர்ந்ததுதான். நீ போவது அயலூருக்கு அல்ல.

தள்ளிப்போடாதே என்பதற்கும் காரணம் உண்டு. 2013இல் அந்தப் பள்ளத்தாக்கில் பழைய கோயில் அடித்தளம் ஒன்றை வீட்டுமனைக்காக இயந்திரம் வைத்து இடித்துவிட்டார்கள். செய்தி படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் எண் இட்ட இடம் அது; இன்று காட்ட ஒரு கல் இல்லை.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், நமக்குச் சனியும் ஞாயிறும். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முன்னாடியே கேட்டுக்கொள். வழுக்காத காலணி, குடை, தண்ணீர் எடுத்துப் போ. திரும்பும்போது பொழுதிருந்தால் புக்கிட் மெர்த்தாஜாமில் செயின்ட் ஆன்ஸ் தேவாலய வளாகத்தில் நிறுத்தச் சொல். செரோக் தோக் குன் என்ற பாறையில் பழைய எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. வெயில் சாய்ந்த நேரத்தில்தான் எழுத்தின் பள்ளம் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். அதனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா