பில் போடும்போது ஒரு நிமிடம்



தீபாவளி வந்துவிட்டால் கொடைக்கானலில் செல்போன், டி.வி. கடைகளில் நிற்க இடமிருக்காது. போன வருஷம் அந்தக் கூட்டத்தில்தான் பூண்டு விற்ற காசில் அப்பா புது டி.வி. வாங்கினார். பில் போடும்போது கேட்டார்கள். பெயர், ஊர், மொபைல் எண் எல்லாம் சொன்னார்.

பத்தாம் நாள் பூம்பாறை வீட்டுக்கு ஒரு போன். அப்பா பெயரையும், வாங்கிய டி.வி.யையும் சரியாகச் சொல்லி, "வாரண்டி பதியணும், போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்றார்கள். சொன்னார். வங்கிக் கணக்கில் 3,800 ரூபாய் போயிற்று.

"என் பேரைச் சொன்னாரேப்பா, கடைக்காரர்தான்னு நம்பிட்டேன்" என்று தலைகுனிந்தார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். முன்பே சொல்லிக் கொடுக்காமல் போனேனே!

தகவல் எங்கே கசிந்ததோ, தெரியாது. ஆனால் கசிவது புதிதல்ல. ஹெட்போன் விற்கும் 'போட்' நிறுவனத்தின் சுமார் 75 லட்சம் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் எண் வெளியானதாக 2024 ஏப்ரலில் செய்தி வந்தது. பெயரும் வாங்கிய பொருளும் தெரிந்தால் போதும், மோசடிக்காரர் கடைக்காரராகிவிடுவார்.

மொபைல் எண் தரும்படி கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. வாரண்டிக்கு பில்லையும் பொருளின் வரிசை எண்ணையும் பத்திரமாக வையுங்கள். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போனால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நான் தாமதமாகச் சொன்னேன், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.