இஞ்சி, துளசித் தேநீரில் ஜெல்லி மிட்டாய்: செய்முறையும் சில எச்சரிக்கைகளும்

கீமோதெரபி பெறும் நாட்களில் பலருக்கு வாய் உலர்கிறது, குமட்டல் மேலிடுகிறது, தண்ணீர் கூட உலோகச் சுவையாகத் தோன்றுகிறது. ஒரு குவளைக் கஷாயத்தைக் குடிக்க முடியாதவர், அதே கஷாயத்தைக் குளிர்ந்த சிறு துண்டாகத் தந்தால் வாயில் வைத்துக்கொள்கிறார். வீட்டிலேயே எளிதாகச் செய்யத்தக்க இம்மிட்டாயின் செய்முறையையும், அதை யாருக்குத் தரலாகாது என்பதையும் இங்கு விளக்குகிறோம்.

தேவையானவை

தண்ணீர் 300 மில்லி, தோல் நீக்கி நசுக்கிய இஞ்சி ஒரு சிறு துண்டு, நன்கு கழுவிய துளசி இலை 10, சர்க்கரை 30 கிராம், கடற்பாசித் தூள் மட்டமாக ஒரு தேக்கரண்டி (ஏறத்தாழ 2 கிராம்), எலுமிச்சைச் சாறு சில துளிகள். கடற்பாசியைக் கடைகளில் ‘சைனா கிராஸ்’ அல்லது ‘அகர் அகர்’ என்று கேட்டு வாங்கலாம்.

செய்முறை

இஞ்சியையும் துளசியையும் தண்ணீரிலிட்டு, 200 மில்லியாக வற்றும்வரை கொதிக்கவைத்து வடிகட்டுக. தேநீர் ஆறிய பின் கடற்பாசித் தூளைத் தூவிக் கலக்கி, மீண்டும் அடுப்பிலேற்றி, கிளறியபடியே இரண்டு மூன்று நிமிடங்கள் நன்கு கொதிக்கவிடுக. கொதிக்காத கடற்பாசி உறையாது. சர்க்கரை சேர்த்துக் கரைந்ததும் இறக்கி, அதன் பின்னரே எலுமிச்சைச் சாறு விடுக. புளிப்புடன் சேர்த்துக் கொதிக்கவைத்தால் உறையும் தன்மை குறையும். வாயில் புண் இருந்தால் எலுமிச்சையைத் தவிர்த்து, இஞ்சியையும் குறைத்துக்கொள்க. சுத்தமான தட்டில் ஊற்றினால் ஒரு மணி நேரத்திற்குள் உறைந்துவிடும். இருபது துண்டுகளாக வெட்டி, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாட்களுக்குள் உண்டு முடிக்கவும்.

கடற்பாசிக்குப் பதிலாக ஜெலட்டின் பயன்படுத்துவோர் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். அது விலங்குகளிலிருந்து பெறப்படுவது. மேலும், பச்சை இஞ்சி, பப்பாளி, அன்னாசி ஆகியவற்றிலுள்ள நொதிகள் ஜெலட்டினைச் சிதைப்பதால் மிட்டாய் உறையாது. கொதிக்கவைத்த இஞ்சியால் அச்சிக்கல் இல்லை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும், பக்கவாதத்திற்குப் பின் கெட்டியான திரவமே பரிந்துரைக்கப்பட்டவர்களுக்கும் இதைத் தரவேண்டாம். கடற்பாசி வாயின் வெப்பத்தில் கரையாது. துண்டு தொண்டையில் சிக்கக்கூடும். ஜெலட்டினோ வாயிலேயே நீராக உருகி மூச்சுக்குழாயில் இறங்கலாம். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஏற்றதன்று.

நீர் அருந்துவதற்கு அளவு விதிக்கப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகள், ஜெல்லியும் நீரே என்பதை அறிய வேண்டும். தட்டு முழுவதும் உண்டால் 200 மில்லி நீர் அன்றைய கணக்கில் சேரும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பொட்டாசியம் உண்டு. சிறுநீரக நோயாளிகள் அவற்றைச் சேர்க்கலாகாது. நீரிழிவு உள்ளவர்கள், ஒரு துண்டில் ஒன்றரை கிராம் சர்க்கரை உள்ளதெனக் கணக்கிடுக.

தொண்டைக்கு இதமென்று அதிமதுரம் சேர்ப்பது நம் வழக்கம். தொடர்ந்து உட்கொண்டால் அது இரத்த அழுத்தத்தை உயர்த்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆகவே இரத்த அழுத்த நோயாளிகளும், சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை உட்கொள்வோரும் அதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோர், எந்த மூலிகையையும் மருத்துவரைக் கேட்ட பின்னரே சேர்க்கவும்.

இறுதியாக ஒன்று. இம்மிட்டாய் வாய்க்கு ஆறுதல் தரும், மருந்தாகாது. குமட்டலுக்கு எழுதித்தந்த மாத்திரையை இதனால் நிறுத்தாதீர்கள். கீமோதெரபி பெறுபவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், கஷாயம் தந்து விடியும்வரை காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அன்புடன் செய்த தின்பண்டத்தைத் தட்டில் வைத்துவிட்டு வந்தாலும் குற்றமில்லை. தாமதமாக வருவதே ஆபத்து.