ஏரிக்கரையில் கூடாரமா? இடம் பார்த்துப் பிடியுங்கள்!

பள்ளி விடுமுறையில் ஜார்ஜ்டவுனிலிருந்து முகாமுக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு:

1. எதில் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தெலுக் பஹாங்கிலுள்ள பினாங்கு தேசியப் பூங்காவின் கெராச்சுட் ஏரிக்கு நடந்தோ, படகேறிக் கரையிறங்கியோதான் போகலாம், கேம்பர்வேன் போகாது.

2. பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள். கடைசி நேர அலைச்சல் மிச்சமாகும்.

3. ஏரியில் நீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கெராச்சுட் ஏரி ஆண்டு முழுதும் நிறைந்திருக்காது.

4. குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். அந்த ஏரியில் மேலே நன்னீர், அடியில் உப்புநீர்.

5. கரையை விட்டுத் தள்ளி, மேட்டில் கூடாரம் அடியுங்கள். மழை பெய்தால் தாழ்வான இடத்தில் நீர் தேங்கும்.

6. காய்ந்த கிளைகளுக்கு அடியில் தங்காதீர்கள். காற்றில் முறிந்து விழும்.

7. வேறு இடத்துக்குக் கேம்பர்வேனில் போனால், கெட்டித் தரையுள்ள தளமாகத் தேர்ந்தெடுங்கள். ஈரமண்ணில் சக்கரம் புதையும்.

8. சாப்பாட்டை இறுக மூடி வையுங்கள். குரங்குகள் பையையும் திறந்துவிடும்.

9. இரவில் ஏரியை ஒட்டிய கடற்கரைப் பக்கம் விளக்கடிக்காதீர்கள். கெராச்சுட்டில் முட்டையிட வரும் ஆமைகள் வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிவிடும்.